உடலுக்குள் ஒரு விளக்கு



சில வாரங்களுக்கு முன், பள்ளி முடிந்து அலுவலகக் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தேன். என் மாணவி ஒருத்தியின் பாட்டி வந்து நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். இளமை முழுவதும் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கணும். எங்க வீட்டுக்காரருக்குப் புரோஸ்டேட்ல கட்டி, ஆபரேஷன் செய்யணும்னு சொல்லிட்டாங்க. கோலாலம்பூர்ல இருக்கிற மகன், ரோபோ ஆபரேஷன்தான் நல்லதுன்னு பிடிவாதமா நிக்கிறான். மெஷின் தானாவே வெட்டுமாமே, நெசமா? டாக்டர் பக்கத்துலயே இருக்க மாட்டாராமே? அதுக்காக இருக்கிற நகையை எல்லாம் அடகு வைக்கணுமா?"

ஒரே மூச்சில் மூன்று கேள்விகள். எனக்குத் தெரிந்ததை அப்போது சொன்னேன். பிறகு விவரமாகப் படித்துப் பார்த்தேன். அதன் பயன்தான் இன்றைய உரை. இந்தக் கேள்விகள் அந்தப் பாட்டிக்கு மட்டும் உரியவை அல்ல. தோட்டத்தில் இருக்கும் குடும்பங்களிலும், தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் இன்று இதே அச்சம் இருக்கிறது.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இயந்திரம் தானாக வெட்டுவதில்லை. மருத்துவர் அதே அறையில்தான் அமர்ந்திருக்கிறார். நகையைப் பற்றிய கேள்விக்கு உரையின் முடிவில் வருகிறேன். அதற்கு முன் ஒரு செய்தியை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். ரோபோ என்றதும் நமக்கு இரும்புக் கைகள்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் இந்தச் சிகிச்சையின் உயிர்நாடி அந்தக் கைகளில் இல்லை, கண்ணில் இருக்கிறது. உடலுக்குள் விளக்கை ஏற்றி, அங்குள்ளதைத் தெளிவாகப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான், சிறு துளை வழியே அறுவைச் சிகிச்சை செய்வது கைகூடியது.

தோட்டத்து மக்களுக்கு விளக்கின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. என் தாயார் பால் வெட்டிய காலத்தில், விடியுமுன் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிறைக்குள் இறங்குவார். கையில் கத்தி. விளக்கு ஏன் கையில் இல்லாமல் நெற்றியில் இருந்தது? கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வெளிச்சமும் விழ வேண்டும் என்பதற்காகத்தான். மரப்பட்டையில் கத்தி போதிய ஆழம் இறங்காவிட்டால் பால் சரியாக வடியாது. ஆழம் கூடிவிட்டால் மரத்தில் காயம் பட்டு, பட்டை வளரும்போது முடிச்சு விழுந்துவிடும். அந்தச் சிறு அளவைக் கையும் கண்ணும் சேர்ந்துதான் கணிக்கும். அறுவை மருத்துவரின் வேலையும் ஏறக்குறைய இதுவே.

பழைய முறையில் வயிற்றைப் பெரிதாகக் கீறினார்கள். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, மருத்துவரின் கை உள்ளே போக வேண்டும். மற்றொன்று, வெளிச்சம் உள்ளே போக வேண்டும். இந்த இரண்டுக்கும் வேறு வழி கிடைத்தால் பெரிய காயமே தேவையில்லை அல்லவா? காயம் சிறிதானால் வலி குறையும்; நோயாளி விரைவில் எழுந்து நடப்பார்.

வெளிச்சத்திற்கு வழி தேடியவர்கள் பலர். ஜெர்மனியைச் சேர்ந்த பிலிப் போசினி என்ற மருத்துவர், 1806ஆம் ஆண்டிலேயே ஒரு மெழுகுவத்தியையும் கண்ணாடியையும் குழாயையும் சேர்த்து, உடலின் திறப்புகளுக்குள் ஒளியைச் செலுத்திப் பார்க்கும் கருவியைச் செய்தார். பின்னர் மின்விளக்கு வந்தது. குழாயின் முனையில் சிறு மின்விளக்கை வைத்து உள்ளே விட்டார்கள். அதில் வெளிச்சம் போதவில்லை. விளக்கின் சூடு உள்ளுறுப்பைச் சுட்டுவிடும் என்ற பயமும் இருந்தது. விளக்கு வெளியே இருக்க வேண்டும், வெளிச்சம் மட்டும் உள்ளே போக வேண்டும். இதற்கு என்ன செய்வது?

இங்கே பிள்ளைகளுக்கு ஒரு சிறு சோதனை சொல்கிறேன். இதை என் வகுப்பில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு பிளாஸ்டிக் போத்தலின் அடிப்பக்கமாக, பக்கவாட்டில் ஒரு சிறு துளை போடுங்கள். துளையை விரலால் அடைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்புங்கள். அறையை இருட்டாக்கி, துளைக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து கைவிளக்கை அடியுங்கள். இப்போது விரலை எடுத்தால் தண்ணீர் வளைந்து கொட்டும். அந்தத் தண்ணீர்த் தாரையோடு வெளிச்சமும் வளைந்து வரும். கொட்டும் தண்ணீரில் கையை நீட்டினால் உள்ளங்கையில் ஒளி விழும். தண்ணீருக்குள் புகுந்த ஒளி அதன் ஓரத்தில் மோதி, வெளியேற முடியாமல், மீண்டும் மீண்டும் உள்ளேயே திரும்பி வருவதால் இப்படி நடக்கிறது. தண்ணீருக்குப் பதிலாகத் தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழையை வைத்தால், ஒளி அதன் வழியே வளைந்தும் நெளிந்தும் பயணம் செய்யும். இதுதான் ஒளியிழை.

இத்துறைக்குப் பெரும் பங்காற்றியவர் நரீந்தர் சிங் கபானி. 1926இல் பஞ்சாபில் உள்ள மோகா என்ற ஊரில் பிறந்தவர். ஒளி நேர்கோட்டில்தான் செல்லும் என்று பள்ளியில் ஆசிரியர் சொன்னதும், அது வளைந்து செல்லாதா என்ற எண்ணம் தமக்குள் எழுந்ததாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்ற பேராசிரியருடன் சேர்ந்து, ஒளியிழைக் கற்றையின் வழியே ஓர் உருவத்தைக் கடத்திக் காட்டினார். அந்த ஆய்வு 1954இல் வெளிவந்தது. மாணவன் குறுக்குக் கேள்வி கேட்டால் அவன் வாயை அடைத்துவிடக் கூடாது என்பதற்கு, ஆசிரியர்களாகிய எங்களுக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது.

பேராசிரியர் ஹாப்கின்ஸ் 1959இல் இன்னொரு வழியும் கண்டார். அதுவரை அகநோக்கிக் குழாய்க்குள் சிறுசிறு வில்லைகளை இடைவெளி விட்டு வைத்திருந்தார்கள். அவர் அதைத் தலைகீழாக்கினார். குழாய் முழுவதும் நீளமான கண்ணாடித் தண்டுகளை அடுக்கி, இடையில் மெல்லிய காற்று இடைவெளிகளை மட்டும் விட்டார். முன்பைவிடப் பல மடங்கு வெளிச்சமும் தெளிவும் கிடைத்தன. ஒளியிழை வெளிச்சத்தை உள்ளே கொண்டுபோக, கண்ணாடித் தண்டுகள் காட்சியை வெளியே கொண்டுவந்தன. இன்றும் அறுவை அரங்குகளில் இந்த ஏற்பாட்டைக் காணலாம்.

ஆனால் ஒரு குறை இருந்தது. மருத்துவர் குனிந்து, குழாயின் வாயில் ஒற்றைக் கண்ணை வைத்துத்தான் பார்க்க முடியும். பக்கத்தில் நிற்கும் உதவியாளருக்கு ஒன்றும் தெரியாது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் வில்லர்டு பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும், ஒளியை மின்சாரமாக மாற்றிப் படமாக்கும் சிறு சில்லு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக 2009இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அத்தகைய சில்லு பொருத்திய சிறிய கேமரா அகநோக்கியோடு சேர்ந்ததும், உடலின் உட்புறம் தொலைக்காட்சித் திரையில் தெரிந்தது. அறையில் உள்ள அனைவரும் ஒரே காட்சியைப் பார்த்து வேலை செய்ய முடிந்தது.

1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற மருத்துவர், துளை வழியே பித்தப்பையை அகற்றினார். அடுத்த சில ஆண்டுகளில் அந்த முறை உலகெங்கும் பரவியது. வயிற்றில் நான்கைந்து சிறு துளைகள் இடுவார்கள். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உப்ப வைப்பார்கள். அந்த வாயு தீப்பற்றாது. உடல் அதை உறிஞ்சி மூச்சு வழியே வெளியேற்றிவிடும். சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு நாள் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். "வயித்துல செஞ்ச ஆபரேஷனுக்குத் தோள் ஏன் வலிக்குது?" என்று பயப்படுகிறார்கள். உள்ளே மிஞ்சிய வாயு வயிற்றுக்கும் மார்புக்கும் இடையிலுள்ள தசைத்தட்டை உறுத்துவதே அதற்குக் காரணம். தானாகவே சரியாகிவிடும்.

சரி, கண்ணுக்கு வழி கிடைத்துவிட்டது. கைக்கு?

ஒரு குறுகிய வாய்ப் பானைக்குள் நீண்ட கரண்டியை விட்டுத் துழாவிப் பாருங்கள். கைப்பிடியை இடப்பக்கம் தள்ளினால் கரண்டியின் நுனி வலப்பக்கம் போகும். துளை வழியே வேலை செய்யும் மருத்துவரின் நிலையும் அதுதான். கருவி நீளமானது, மணிக்கட்டைப் போல் வளையாது, கையின் சிறு நடுக்கமும் நுனிக்குப் போய்ச் சேரும். அதோடு பார்ப்பதோ தட்டையான திரை. எது முன்னே, எது பின்னே என்று எளிதில் தெரியாது. நீங்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துப் பாருங்கள்; அந்தச் சிரமம் விளங்கும்.

இந்தக் குறைகளைப் போக்க வந்ததுதான் ரோபோ. டாவின்சி என்ற பெயருடைய கருவிக்கு அமெரிக்க அரசாங்கம் 2000ஆம் ஆண்டு அனுமதி வழங்கியது. நான்கே ஆண்டுகளில் நம் நாட்டிற்கும் அது வந்துவிட்டது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில், 2004ஆம் ஆண்டு புரோஸ்டேட் புற்றுநோய்க்கான ரோபோ அறுவைச் சிகிச்சை தொடங்கப்பட்டது. கிள்ளானிலிருந்து கொம்யூட்டர் ரயிலில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மோனோரயில் பிடித்துத் தித்திவங்சாவுக்குப் போகிறோமே, அந்த வட்டாரத்தில் இருக்கும் அதே பொது மருத்துவமனைதான். வெளிநாட்டில் எங்கோ நடக்கும் அதிசயம் என்று நாம் எண்ணியது, நம் மக்கள் நோயாளிகளைப் பார்க்கப் பழமும் பிளாஸ்குமாகப் போய்வரும் இடத்திலேயே நடந்திருக்கிறது.

புரோஸ்டேட் சுரப்பி ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, இடுப்பெலும்புக்குப் பின்னால், ஆழத்தில் இருக்கிறது. ஒரு பெரிய நெல்லிக்காய் அளவுதான். அதன் இரு பக்கமும் மெல்லிய நரம்புகள் ஓடுகின்றன. அதன் கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் தசை இருக்கிறது. சுரப்பியை எடுக்க வேண்டும். ஆனால் நரம்பும் தசையும் சேதப்படக் கூடாது. பட்டையை வெட்ட வேண்டும், மரத்தைக் காயப்படுத்தக் கூடாது என்பதைப் போன்ற வேலை.

ரோபோ முறையில் இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். நோயாளியின் அருகே இயந்திரக் கைகள் நிற்கும். ஒரு கையில் அகநோக்கி, மற்றக் கைகளில் கருவிகள். மருத்துவர் சில அடி தூரத்தில் ஒரு மேசைப் பெட்டியின் முன் அமர்ந்து, அதன் கண்குழிகளில் முகத்தைப் பதித்துக்கொள்வார். அந்த அகநோக்கியில் பக்கத்துப் பக்கமாக இரண்டு பார்வைப் பாதைகள் உள்ளன. இடப்பாதையின் காட்சி இடக்கண்ணுக்கும், வலப்பாதையின் காட்சி வலக்கண்ணுக்கும் தனித்தனியே போகும். நம் இரு கண்களும் செய்யும் வேலையை அது செய்வதால், மருத்துவருக்கு ஆழம் தெரிகிறது. படம் பத்து மடங்கு வரை பெரிதாகவும் தெரியும். அவர் விரல்களை அசைத்தால் உள்ளே கருவியின் நுனி அசையும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். நோயாளியின் பக்கத்திலும் ஒரு துணை மருத்துவரும் தாதியரும் எப்போதும் நிற்பார்கள்.

பாட்டியின் முதல் கேள்விக்கு இங்கே விடை இருக்கிறது. மருத்துவர் கண்குழியிலிருந்து தலையை எடுத்துவிட்டால், அதை ஓர் உணரி கண்டுகொள்ளும். இயந்திரக் கைகள் அப்படியே நின்றுவிடும். பார்ப்பவர் இல்லாமல் வெட்டு இல்லை. கண்ணை எடுத்தால் கை நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள்.

நேயர்களே, இந்த முறையில் மருத்துவர் ஒன்றை இழக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அதுதான் தொடு உணர்வு.

பிரிக்பீல்ட்ஸ் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். பார்வையற்றோர் சங்கம் அங்கே இருப்பதால், வெள்ளைக்கோல் ஊன்றி நடப்பவர்களைத் தெருவில் அடிக்கடி காணலாம். கோலின் நுனி தரையைத் தொடும்போது, மேடு எது, பள்ளம் எது, நடைபாதையில் பதித்த மஞ்சள் கல் எது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது. கண் செய்யாததைக் கை செய்கிறது. ரோபோவின் முன் அமர்ந்த மருத்துவரின் நிலை இதற்கு நேர்மாறானது. கண் இருக்கிறது, ஆனால் கைக்கு எதுவும் தெரிவதில்லை. இழுப்பது மெல்லிய சவ்வா, தடித்த தசையா என்பதை, அது எப்படி நீள்கிறது, எந்த இடத்தில் வெளுக்கிறது என்று பார்த்தே கணிக்க வேண்டும். 2024இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற புதிய டாவின்சி கருவியில், இழுவிசையை ஓரளவு கைக்கு உணர்த்தும் ஏற்பாடு வந்திருக்கிறது. அதற்கு முந்திய கருவிகளில் அது இல்லை. கை இழந்ததைக் கண்ணால் ஈடு செய்ய வேண்டியிருப்பதால்தான், ஒளிக்கருவிகளுக்கு இத்துறையில் இவ்வளவு முக்கியத்துவம்.

வெறும் கண்ணுக்குத் தெரியாததைக் காட்டும் ஒளியும் இப்போது பயன்படுகிறது. இதற்கும் வீட்டிலேயே ஒரு சோதனை உண்டு. தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து அதன் முனையைப் பார்த்துப் பொத்தானை அழுத்துங்கள். உங்களுக்கு ஒன்றும் தெரியாது. அதையே கைத்தொலைபேசியின் கேமரா வழியாகப் பாருங்கள். பல தொலைபேசிகளில் ஒரு வெளிச்சப் புள்ளி மின்னுவது தெரியும். அது அகச்சிவப்பு ஒளி. நம் கண் காணாது, கேமரா காணும்.

இந்த்தோசயனின் பச்சை என்று ஒரு சாயம் இருக்கிறது. கல்லீரலையும் இதயத்தையும் சோதிக்க 1950களிலிருந்தே மருத்துவர்கள் பயன்படுத்திவருவது. அதைச் சிறிதளவு இரத்தக் குழாயில் ஏற்றி, அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால், சாயம் போன இடமெல்லாம் ஒளிரும். சிறப்புக் கேமரா அதைத் திரையில் பச்சையாகக் காட்டும். 2011ஆம் ஆண்டளவில் இந்த வசதி ரோபோவிலும் சேர்ந்தது. குடலில் நோயுற்ற பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் இணைக்கும்போது, அந்த முனைகளுக்கு இரத்தம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்கலாம். இரத்தம் வராத முனையைத் தைத்தால் அது ஒட்டாது, கசிந்துவிடும். கல்லீரல் அந்தச் சாயத்தைப் பித்தநீரோடு வெளியேற்றுவதால், பித்தக் குழாய்களும் ஒளிரும். பித்தப்பையை எடுக்கும்போது தவறான குழாயை வெட்டிவிடாமல் இருக்க அது துணை செய்கிறது. சிலருக்கு அயோடின் கலந்த மருந்துகள் ஒத்துக்கொள்வதில்லை. இந்தச் சாயத்திலும் அயோடின் இருக்கும் என்பதால், அத்தகையோர் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு சிறப்பிருந்தும் ஒளிக்கு எல்லை உண்டு. அந்த எல்லையைத் தெரிந்துகொள்வது நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு மிகவும் அவசியம்.

இட்லிப் பானையைத் திறந்ததும் மூக்குக் கண்ணாடி மங்கிவிடுகிறது அல்லவா? அதுபோல், குளிர்ந்த வில்லை வெதுவெதுப்பான உடலுக்குள் போனதும் ஆவி படியும். வெந்நீரில் கழுவித் துடைத்து மீண்டும் விட வேண்டும். மின்சாரத்தால் இரத்தக் குழாயைச் சுடும்போது புகை எழுந்து மறைக்கும். ஒரு துளி இரத்தம் வில்லையில் பட்டால் திரை முழுவதும் சிவக்கும். உறுப்பின் மேற்பரப்பைத்தான் ஒளி காட்டும். அகச்சிவப்பு ஒளிகூட ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் ஆழத்திற்கு மேல் பயன்படாது. ஆகையால்தான் அறுவைக்கு முன்பே ஸ்கேன் எடுத்துவரச் சொல்கிறார்கள். கேமரா பார்க்கும் வட்டத்திற்கு வெளியே நடப்பதும் திரையில் தெரியாது. நெற்றி விளக்கின் வட்டத்திற்கு அப்பால் இருட்டில் பாம்பு கிடந்தாலும் தெரியாது என்பதை, பால் வெட்டியவர்கள் அறிவார்கள்.

என் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் தாய்மாமனுக்குப் பித்தப்பையில் கல். துளை முறையில் எடுத்துவிடலாம், இரண்டு நாளில் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு மருத்துவமனையில் சொன்னார்கள். அது ரோபோ அல்ல, சாதாரணத் துளை முறை. ஆனால் மாமா மயக்கம் தெளிந்து பார்த்தபோது, வலப்பக்க விலாவுக்குக் கீழே நீண்ட தையல். எங்கள் குடும்பமே கொதித்துப்போனது. "சின்ன ஓட்டைன்னு சொல்லி ஏமாத்திட்டாங்க, கத்துக்குட்டி டாக்டர் கெடுத்துட்டாரு" என்று அத்தை அழுதார். படித்தவன் என்பதால் சண்டைக்கு என்னைத்தான் முன்னால் அனுப்பினார்கள். நானும் வேகமாகத்தான் போனேன்.

மருத்துவர் இளவயதுக்காரர். பொறுமையாகச் சொன்னார். நெடுநாள் அழற்சியால் உள்ளே எல்லாம் ஒட்டிக்கிடந்தது, இரத்தமும் கசிந்தது, பித்தக் குழாய் எது, மற்றக் குழாய் எது என்று திரையில் பிரித்துப் பார்க்க முடியவில்லை, தெளிவாகத் தெரியாததை வெட்டுவதைவிட, வயிற்றைத் திறந்து நேரில் பார்த்து வெட்டுவதே பாதுகாப்பு என்று முடிவு செய்தோம் என்றார். எனக்குப் பாதி புரிந்தது. வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னேன். அவர் முப்பது ஆண்டு பால் வெட்டியவர். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிதாண்டா. விளக்கு அணைஞ்சிட்டா கத்திய மரத்துல இருந்து எடுத்துடணும்" என்றார். அத்தையின் கோபம் அன்றோடு அடங்கியது.

துளை முறையிலும் ரோபோ முறையிலும் தொடங்கிய சிகிச்சை, நடுவில் திறந்த முறைக்கு மாறுவதுண்டு. அதைத் தோல்வி என்றோ ஏமாற்று என்றோ உடனே எண்ணிவிடக் கூடாது. காட்சி தெளிவில்லாதபோது நிறுத்தத் தெரிந்த மருத்துவரே நல்ல மருத்துவர்.

இனி நகை. 2016ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஓர் ஆய்வின் முடிவு வெளியானது. புரோஸ்டேட் புற்றுநோய் கண்ட 300க்கும் மேற்பட்ட ஆண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ரோபோ முறையிலும் மற்றொரு பிரிவுக்குத் திறந்த முறையிலும் சிகிச்சை செய்து ஒப்பிட்டார்கள். ரோபோ முறையில் இரத்த இழப்பு குறைவாக இருந்தது. ஆனால் மூன்று மாதம் கழித்து, சிறுநீரை அடக்கும் ஆற்றலிலும் ஆண்மையிலும் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அனுபவம் வாய்ந்த கை எந்த முறையிலும் நன்றாகச் செய்யும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது. ரோபோ நல்ல கருவிதான். ஆனால் ரோபோ இல்லாவிட்டால் உயிர் பிழைக்க முடியாது என்று எண்ணி, வீட்டை அடகு வைக்க வேண்டியதில்லை. அரசாங்க மருத்துவமனையில் திறந்த முறையில் செய்தாலும், அது தாழ்ந்த சிகிச்சை ஆகிவிடாது.

பணத்தைவிட முக்கியமானது காலம். இரவில் பலமுறை சிறுநீருக்கு எழுவது, சொட்டுச் சொட்டாகப் போவது, இரத்தம் கலந்து போவது ஆகியவற்றை வயதான ஆண்கள் வெளியே சொல்ல வெட்கப்படுகிறார்கள். இவை எல்லாமே புற்றுநோய் அல்ல; வயதானால் அந்தச் சுரப்பி சாதாரணமாகவே பெருக்கும். எது என்று சோதித்தால்தான் தெரியும். பக்கத்தில் உள்ள கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போங்கள். தேவைப்பட்டால் அங்கிருந்து கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

அறுவைச் சிகிச்சை என்று முடிவானால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். இந்தச் சிகிச்சை இப்போதே அவசியமா? எந்த முறையில் செய்யப் போகிறீர்கள், அதை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்? இந்த முறையில் உங்களுக்கு எவ்வளவு அனுபவம்? உள்ளே தெளிவாகத் தெரியாவிட்டால் வயிற்றைத் திறப்பீர்களா? சாயம் ஏதும் ஏற்றுவீர்களா? மொத்தச் செலவு எவ்வளவு? இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். படிவம் புரியாவிட்டால், தமிழ் தெரிந்த தாதியையோ ஊழியரையோ விளக்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. அது உங்கள் உரிமை.

இந்தக் கேள்விகளை ஒரு பள்ளிப் பயிற்சி ஏட்டுத் தாளில் தமிழில் ஒரு பக்கமும் மலாயில் மறுபக்கமும் எழுதி, அந்தப் பாட்டியிடம் கொடுத்தேன். அவர் அதை நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்ப மெஷினு வெட்டாது, டாக்டர்தான் பாத்து வெட்டுவாரு?" என்று மறுபடியும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப நல்லாப் பாக்கிற டாக்டரா இருந்தாப் போதும்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

நான் இவ்வளவு நேரம் பேசியதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.